பின்பலகை சொல்லும் வரலாறு

திருச்சபையைப் படகாக உருவகிப்பது தொன்றுதொட்டு வரும் மரபு. ஆலயத்தில் மக்கள் கூடும் நடுப்பகுதிக்கு மேலைநாட்டு மொழிகளில் வழங்கும் பெயரே கப்பலைக் குறிக்கும் 'நாவிஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததாகும். மறையுரைகளில் பேதுருவின் படகைப் பற்றிப் பலமுறை கேட்டிருக்கிறோம். எனினும் படகு எதனால் ஆனது, எங்கே முதலில் பழுதுபடுகிறது, அதை யார் எவ்வாறு செப்பனிடுகின்றனர் என்பவற்றைப் பற்றி நாம் பேசுவது அரிது. இராமேசுவரம் தீவிலும் தனுஷ்கோடி மணற்பரப்பிலும் வாழும் மீனவருக்கோ அது அன்றாட வாழ்வின் வினா. அவர்களுடைய படகின் ஒரே ஒரு உறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றை ஈண்டுச் சற்று ஆராய்வோம். அந்த உறுப்பு, கண்ணாடி இழைப் படகின் பின்முனையை அடைத்து நிற்பதும் எஞ்சினைத் தாங்குவதுமாகிய குறுக்குப் பலகை. அதைப் பின்பலகை என்று அழைப்போம்.

பின்பலகை இல்லாத காலம்

நம் முன்னோரின் கட்டுமரத்திற்குப் பின்பலகை கிடையாது. எடை குறைந்த மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் பிணைத்த மிதவை அது. நீர் உள்ளே புகுந்து தங்குவதற்கு அதில் இடமே இல்லை. கரை திரும்பியதும் கட்டவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவார்கள். மரம் இற்றுப்போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுவார்கள். பலகைகளைப் பொருத்திக் கட்டிய வள்ளமும் வத்தையும் வேறு வகையின. அவற்றுக்கு ஏரா உண்டு, வங்குக்கால்கள் உண்டு, அணியம் உண்டு. பலகைகளின் இடைவெளியில் பஞ்சு திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசி அடைக்கும் வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். இச்சொல் போர்த்துக்கீசிய மொழியோடு உறவுடையது என்பது நமக்கு ஆர்வமூட்டும் செய்தி. புனித சவேரியார் 1542 ஆம் ஆண்டு இக்கடற்கரைக்கு வந்தார். இயேசு சபையின் முதல் மறைச்சாட்சியாகப் போற்றப்படும் அருட்தந்தை அந்தோனியோ கிரிமினாலி 1549 ஆம் ஆண்டு மண்டபத்தை அடுத்த வேதாளையில் உயிர் நீத்தார். அந்த நூற்றாண்டில் நம் கரைக்கு வந்தது நற்செய்தி மட்டுமன்று. கப்பல் தச்சரின் சொற்களும் வந்து கலந்தன.

மரப்படகின் பகைவர் இருவர். ஒன்று, கடல்நீரில் வாழ்ந்து மரத்தைத் துளைக்கும் புழு. மற்றொன்று, ஈரத்தில் வளர்ந்து மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சணம். இரண்டையும் நம் மக்கள் அறிந்திருந்தனர். ஆகவே படகைக் கரையேற்றினர், கவிழ்த்து உலர்த்தினர், சுறா எண்ணெயோ முந்திரிக்கொட்டை எண்ணெயோ பூசினர். பழுது கண்ணுக்குத் தெரிந்தது; கைக்கும் எட்டியது. இதை நாம் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்.

எஞ்சினும் இழையும்

பின்பலகையைப் பிறப்பித்தது எஞ்சின் எனலாம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர், 1909 ஆம் ஆண்டு மில்வாக்கி நகரில் படகின் பின்புறம் மாட்டித் தொங்கவிடும் எஞ்சினை உருவாக்கினார். இவ்வகை எஞ்சினை இரு முனையும் கூர்ந்த படகில் எளிதில் மாட்ட முடியாது. அதற்குத் தட்டையான, உறுதியான பின்புறம் தேவை. அதே நாட்டில் 1940களின் தொடக்கத்தில் கண்ணாடி இழையையும் பாலியெஸ்டர் பிசினையும் சேர்த்துப் படகு வார்க்கும் முறை தோன்றியது. ஒஹாயோவைச் சேர்ந்த ரே கிரீன் 1942 ஆம் ஆண்டு அத்தகைய படகைச் செய்தார் என்பர். புழு அரிக்காது; துரு ஏறாது; அச்சு ஒன்று இருந்தால் ஒரே வடிவில் எத்தனை படகுகளையும் வார்த்துவிடலாம்.

இத்தொழில்நுட்பம் தமிழர்களிடம் வந்த வழிகளில் ஒன்று தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையில் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து 1956 ஆம் ஆண்டு நார்வே சென்ற அந்தோணி இராஜேந்திரம், அங்குள்ள நண்பர்களின் துணையோடு 1967 ஆம் ஆண்டு 'சீநோர்' என்னும் மீன்வளத் திட்டத்தைத் தொடங்கினார். அத்திட்டத்தின் கீழ் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் காரைநகரில் கண்ணாடி இழைப் படகு கட்டும் தளமும் எழுந்தன. மீனவர் குடியில் பிறந்த ஒருவர் அயல்நாட்டு நட்பைத் தம் மக்களின் தொழிலுக்குத் திருப்பிய வரலாறு இது. பின்னாளில் போர் அங்கிருந்த பணிகளைச் சிதைத்தது. நிறுவனம் அரசின் பொறுப்பில் கொழும்பில் தொடர்ந்தது. 1983 ஆம் ஆண்டுக்குப் பின்னர், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடலைக் கடந்து ஏதிலியர் பலரை அரிச்சல்முனைக்கும் இராமேசுவரத்திற்கும் கொண்டுவந்தவற்றுள் இழைப் படகுகளும் உண்டு. இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் 2022 ஆம் ஆண்டு மீண்டும் குடும்பங்கள் வந்தபோதும் இத்தகைய படகுகளே அவர்களை அரிச்சல்முனையை ஒட்டிய மணல்திட்டுகளில் இறக்கின.

இக்கரையில் வேறொரு முயற்சி நடந்தது. கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கம் குமரி மாவட்டத்து முட்டத்தில் படகு கட்டும் மையத்தை நடத்தியது. பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் பியேர் ஜில்லே மீனவரோடு பழகி, அவர்கள் சொற்கேட்டு, கடல்சார் ஒட்டுப்பலகையால் சிறு படகுகளை உருவாக்கினார். ஒட்டுப்பலகைகளைக் கம்பியால் தைத்து இணைத்து, மூட்டுகளைப் பிசினாலும் கண்ணாடி இழையாலும் ஒட்டும் முறை அது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இப்பணியைப் பின்னர் விரிவாக்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979 ஆம் ஆண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டமும் அலைவாயில் கரையேறும் படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. இம்முயற்சிகள் ஆண்டுக் கணக்கில் பொறுமையாக நடந்தன. படகைப் பயன்படுத்துவோரே அதன் குறையைச் சொல்லித் திருத்தினர்.

கொடையாக வந்த படகுகள்

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இந்தப் பொறுமையைக் குலைத்துவிட்டது. படகுகளை இழந்தோர்க்குப் படகு வழங்க அரசும் அறநிறுவனங்களும் நம் திருச்சபை அமைப்புகளும் முன்வந்தன. பசித்தவர்க்கு உணவளிப்பது போன்ற உடனடிக் கடமை அது. அதில் குறைகாண எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் தேவை பெருகியபோது புதிய படகுத் தளங்கள் விரைந்து முளைத்தன. பயிற்சி குறைந்த கைகள் அவசர அவசரமாக வார்த்த படகுகளில் இழையின் கனம் போதாமையும் உள்மரத்தின் தரக்குறைவும் இருந்ததைப் பின்னர் துறை வல்லுநர்கள் சுட்டிக்காட்டினர். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் இத்தகைய படகுகளை முறையாகக் கட்டுவது பற்றிக் கையேடுகளை வெளியிட நேர்ந்தது. ஒவ்வொரு படகும் பூமாலையோடு நின்றது, குருக்கள் மந்திரித்தோம், மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் பல இடங்களில் படகைக் கொடுத்தவர் அதைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. பத்தாண்டு, பதினைந்தாண்டு கழிந்த பின் அதன் விளைவு பின்பலகையில் தெரிந்தது.

எவ்வாறு இற்றுப்போகிறது?

இழைப் படகு முழுவதும் இழையால் ஆனது என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. எஞ்சினின் எடையையும் உந்துவிசையையும் தாங்குவதற்காகப் பின்பலகையின் நடுவே ஒட்டுப்பலகை வைத்து, இருபுறமும் இழையால் மூடுகின்றனர். சிறு படகுகளில் அந்த மரம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் கனம் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்போர்க்கு மரம் தெரியாது.

எஞ்சினை மாட்டும் போல்ட்டுத் துளை, நீர் வடியும் அடைப்பானின் துளை, மேல்விளிம்பில் விழுந்த மயிரிழை வெடிப்பு ஆகியவற்றின் வழியே நீர் உட்செல்கிறது. உப்புநீரைக் காட்டிலும் மழைநீரே இங்குக் கொடியது. உப்பு பூஞ்சணத்தின் வளர்ச்சியை ஓரளவு தடுக்கும். நன்னீரோ அதை வளர்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையில் கிடக்கும் படகுக்கே, கடலில் ஓடும் படகைவிட, இந்த ஆபத்து மிகுதி. மரப்படகில் ஈரம் உலர்ந்துவிடும். இங்கோ, நீரைத் தடுக்கப் போட்ட இழையே நீரை வெளியே விடாமல் காக்கும் சிறையாகிவிடுகிறது. மரம் மக்கி, கையால் பிசையும் அளவுக்கு நைந்து போன பின்னும் வெளிப்பூச்சு பளபளவென்று நிற்கும்.

அனுபவமுள்ள மீனவர் இதைக் காதால் கண்டறிவார். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இடத்தில் ஓசை கணீரென்று எழும். இற்ற இடத்தில் மந்தமாக அமுங்கும். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் பலகையும் சேர்ந்து அசையும். சிறு துளையிட்டுப் பார்த்தால் உலர்ந்த மரத்தூளுக்குப் பதிலாகக் கருமையான ஈரச்சேறு வெளிவரும்.

இதைப் பொருட்படுத்தாமல் கடலேறினால் நேர்வது என்ன? தனுஷ்கோடியில் பாக் நீரிணையின் நீரும் மன்னார் வளைகுடாவின் நீரும் சந்திக்கின்றன. நீரோட்டம் வலியது. அவ்விடத்தில் பின்பலகை பிளந்து எஞ்சின் கடலில் விழுந்தால் படகு காற்றின் வசமாகும். 1974, 1976 ஆம் ஆண்டுகளின் உடன்பாடுகள் வகுத்த கடல் எல்லை மிக அருகில் இருக்கிறது. நீரோட்டத்திற்கு எல்லை தெரியாது. ரோந்துக் கப்பலுக்குத் தெரியும். கைவிரல் அகலமுள்ள ஒரு மரத்துண்டு மக்கியதன் விளைவாக ஒரு தந்தை அயல்நாட்டுச் சிறையில் இருக்கவும், பிள்ளையின் படிப்பு நிற்கவும், வட்டிக்காரர் வாசலில் நிற்கவும் கூடும். ஆகவே இது தச்சுப்பணி மட்டுமன்று, நீதிப்பணியும் ஆகும்.

செப்பனிடும் வழி

வேலையைத் தொடங்குமுன் எஞ்சினைக் கழற்றி, படகின் இருபுறமும் முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். இல்லையெனில் பின்பலகையை எடுத்ததும் படகின் வடிவமே கோணிவிடும். பின்னர் உட்புறத்து இழையை, ஓரங்களில் நான்கு விரற்கடை விட்டு, அறுத்து எடுக்கின்றனர். வெளிப்புறத் தோல் அப்படியே நிற்கும்; அதுவே புதிய பலகைக்கு அச்சாக உதவும். அடுத்து இற்ற மரத்தை உளியால் தோண்டி எடுக்க வேண்டும். இங்குதான் சோதனை வருகிறது. பாதி மரம் நன்றாயிருப்பது போலத் தோன்றும். அதை விட்டுவைக்க மனம் விரும்பும். விட்டால், அந்த மரத்தில் ஒளிந்திருக்கும் பூஞ்சணம் புதிய பலகையையும் பற்றும். உறுதியான மரம் தென்படும் வரை, ஐயத்திற்கு இடமில்லாத வரை, எடுத்தே ஆக வேண்டும்.

அடுத்தது உலர்த்துதல். இதற்கு நாள்கள் பல ஆகும். ஈரத்தின்மேல் பூசிய பிசின் பிடிக்காது. வருமானம் நின்றிருக்கும் மீனவருக்கு இந்தக் காத்திருப்பே பெருஞ்சுமை. அவசரப்பட்டு மூடிய பின்பலகைகள் மீண்டும் இற்றுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவே.

உலர்ந்த பின் அட்டையில் அளவெடுத்து, ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தர முத்திரை பெற்ற கடல்சார் ஒட்டுப்பலகையை வெட்டி, இரண்டு அடுக்காக ஒட்டுகின்றனர். பலகையின் முகங்களைவிட அதன் விளிம்புகளே நீரை மிகுதியாக உறிஞ்சும். ஆதலால் விளிம்புகளுக்கு இருமுறை, மும்முறை பிசின் ஊட்ட வேண்டும். பாலியெஸ்டர் பிசின் விலை குறைந்தது; எப்பாக்சி பிசினோ மரத்தை இறுகப் பற்றுவது. பழைய பாலியெஸ்டரின் மேல் எப்பாக்சி நன்கு ஒட்டும்; எப்பாக்சியின் மேல் பாலியெஸ்டர் அவ்வாறு ஒட்டாது. பாலியெஸ்டரை இறுகச் செய்யும் வினையூக்கி நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு போதும். நம் கோடை வெயிலில் அதுவும் விரைந்து இறுகும். அந்த வினையூக்கியையும் கோபால்ட் முடுக்கியையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடித்து வெடிக்கும். தனித்தனியே பிசினில்தான் கலக்க வேண்டும். இழையைத் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகத்தைத் துணியால் மட்டுமன்றி உரிய மூடியால் காக்க வேண்டும்.

புதிய பலகையைக் குழைத்த பிசினில் பதித்து இறுக்கி, மூலைகளை வளைவாக நிரப்பி, இழைப்பாயை அடுக்கடுக்காக, பழைய இழையின்மேல் நன்கு படர்ந்து ஏறுமாறு ஒட்டுகின்றனர். இறுதியில் எஞ்சினுக்கான துளைகள். இங்கே கைதேர்ந்தவர் ஒரு முறையைக் கையாள்வர். வேண்டிய அளவைவிடப் பெரிதாகத் துளையிட்டு, அதைப் பிசினால் அடைத்து, இறுகிய பின் அதன் நடுவே சரியான அளவில் மீண்டும் துளையிடுவர். போல்ட்டு மரத்தைத் தொடாது. நீர் கசிந்தாலும் மரத்தை எட்டாது. பழைய படகு எங்கே காயம்பட்டதோ அங்கேயே புதிய படகைவிட வலிமை பெறுகிறது.

1964 ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள்

தனுஷ்கோடி என்றதும் நாம் நினைப்பது 1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு. பாம்பனிலிருந்து சென்ற தொடர்வண்டியை நூறுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடல் கொண்டது. ஊர் அழிந்தது. வாழத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்தது. நம் ஆலயத்தின் இடிந்த சுவர்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. ஆயினும் மீனவர் திரும்பி வந்தனர். கம்பிப்பாட்டிலும் பாலத்திலும் குடிசையிட்டு வலையிழுத்தனர்.

அதற்கு ஒரு திங்கள் முன்னர், 1964 நவம்பர் 21 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய கோட்பாட்டு விளக்கத்தை வெளியிட்டது. திருச்சபை தூயது; அதே வேளையில் இடைவிடாது தூய்மைப்படுத்தப்பட வேண்டியது என்னும் கருத்து அதன் எட்டாம் எண்ணில் உள்ளது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு உண்டென்று கூறுவது பொருந்தாது. புயல் இறைவனின் தண்டனையன்று. சங்கம் புயலுக்கு மருந்துமன்று. எனினும் அழிவு இருவகைப்படும் என்பதை அந்த ஆண்டு நமக்குக் கற்பிக்கிறது. ஒன்று, ஒரே இரவில் வெளியிலிருந்து வருவது. அதை உலகம் காண்கிறது. உதவி ஓடி வருகிறது. மற்றொன்று, பளபளக்கும் பூச்சுக்குள் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி நடப்பது. அதைத் தட்டிப் பார்ப்பவர் மட்டுமே அறிவர். பங்குகளின் கணக்கேட்டிலும், சங்கங்களின் ஒற்றுமையிலும், சாதி பார்க்கும் நம் பழக்கத்திலும் மந்தமாக ஒலிக்கும் இடங்கள் இல்லையா? அங்கே மேலும் ஒரு பூச்சுப் பூசுவது செப்பனிடுதல் ஆகாது. வெளிப்புறத்தைக் காத்து உள்ளிருப்பதை அகற்றும் துணிவும், உலரும் வரை காத்திருக்கும் பொறுமையும் வேண்டும்.

கலிலேயாக் கடல் வறட்சியால் வற்றிய 1986 ஆம் ஆண்டில், கினோசர் அருகே சேற்றில் ஒரு மீன்பிடிப் படகு கண்டெடுக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 8 மீட்டர். ஆண்டவர் வாழ்ந்த காலத்தை ஒட்டியது என்று ஆய்வாளர் கணித்தனர். ஆண்டவரே அதில் ஏறினார் என்று சொல்ல யாருக்கும் சான்றில்லை. ஆனால் அப்படகில் ஒரு செய்தி இருந்தது. அது பத்துக்குக் குறையாத மரவகைகளால் ஆனது. ஏழைத் தச்சர் கிடைத்த துண்டுகளை எல்லாம் பயன்படுத்தி, மீண்டும் மீண்டும் ஒட்டுப்போட்டு, அதன் வாழ்நாளை நீட்டியிருக்கின்றனர். இயேசு அழைத்த சீடர்களின் உலகம் அத்தகையது. அவர்கள் புதுப்படகு வாங்கியவர்கள் அல்லர், பழையதைப் பழுதுபார்த்தவர்கள். செபதேயுவின் மக்கள் அழைக்கப்பட்ட வேளையில் வலைகளைச் சீர்செய்துகொண்டிருந்தனர் என்றுதானே நற்செய்தி கூறுகிறது.

இன்னொன்றும் மாற்கு நற்செய்தியில் உண்டு. புயல் எழுந்தபோது ஆண்டவர் துயின்றது படகின் பின்பகுதியில். மந்திரிக்கும்போது நாம் தீர்த்தம் தெளிப்பதும் மாலையிடுவதும் அணியத்தில். எவரும் கவனியாத பின்புறத்திலோ அவர் தலைசாய்த்திருக்கிறார்.

நம் கடன்

மக்கிய கட்டுமரம் அடுப்புக்கு விறகாயிற்று. இழைப் படகுக்கு அந்தச் சாவு இல்லை. எரித்தால் நச்சுப்புகை, கரையில் விட்டால் துகள் துகளாகி மண்ணிலும் கடலிலும் கலக்கும். 1986 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகளின் அருகில் வாழும் நமக்கு இக்கவலை உண்டு. ஒரு பழைய படகைச் செப்பனிட்டு மேலும் பத்தாண்டு ஓடச் செய்வது அக்குடும்பத்திற்கும் கடலுக்கும் செய்யும் நன்மை.

கடலோரப் பங்குகளின் அன்பியங்களும் இளையோர் இயக்கங்களும் இதில் செய்யக்கூடியது உண்டு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் 61 நாள் நம் கரையில் நடைமுறையில் உள்ளது. விசைப்படகுகள் ஓய்ந்திருக்கும் அந்நாள்களில் அவற்றில் பணிபுரியும் இளைஞர் பலர் வேலையின்றி இருப்பர். பங்கு வளாகத்தில் ஒரு கூரையும், தேர்ந்த தச்சர் ஒருவரும், பொதுவான கருவிகளும் இருந்தால் அவர்களுக்கு இத்தொழிலைக் கற்பிக்கலாம். ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு சிறு படகின் பின்பலகையையும் தட்டிப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். சிறு துளையை அடைக்க ஆகும் செலவு, பலகையை மாற்றும் செலவில் மிகச் சிறு பங்கே.

புதுப்படகை மந்திரிக்க நம்மை அழைக்கிறார்கள், மகிழ்வோடு செல்கிறோம். செப்பனிட்ட பழைய படகு மீண்டும் கடலேறும் நாளிலும் குருவை அழையுங்கள். பூமாலை சிறிதாக இருக்கட்டும். தீர்த்தம் அன்று பின்பலகையின்மேல் விழட்டும்.